முதல் வகுப்பிலேயே ஆக்ஸியோஸ் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பவர்களுக்கும், கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கும், அந்தப் பிள்ளைகளுக்காகப் பணம் கட்டும் பெற்றோருக்கும் எழுதுகிறேன். மற்றவர்கள் கடந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்டில் சர்வரிடமிருந்து தகவல் வாங்குவது எப்படி என்று சொல்லித்தரும் முதல் வகுப்பிலேயே, "ஆக்ஸியோஸை இறக்கிக்கொள், ஒரே வரியில் முடிந்துவிடும்" என்று சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதல். பிரவுசரிலேயே இருக்கிற ஃபெட்ச் என்ற வசதியை முதலில் கற்றுக்கொடுங்கள். மேலுறை லைப்ரரி எதுவானாலும் அதற்குப் பிறகு வரட்டும். சின்னத் தளமாக இருந்தால் வராமலே போகட்டும்.

"இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இதில் என்ன வேலை?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். பொறியியல் படிக்கவில்லை. 33 வருடம் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வுக்குப் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டு, நாலு வருடமாக எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லித்தருகிறேன். ஆக்ஸியோஸை எழுதியவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தகுதி கிடையாது, அதற்கு வரவும் இல்லை. எதை முதலில் சொல்லித்தர வேண்டும், எதை அப்புறம் சொல்லித்தர வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. அது என் தொழில். அதில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதலில் விஷயம் என்னவென்று தெரியாதவர்களுக்காக நாலு வரி.

நீங்கள் ஒரு இணையப் பக்கத்தில் பொத்தானை அழுத்துகிறீர்கள். பிரவுசர் சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. பதிவுத் தபால் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். முகவரி இருக்கும். என்ன வேலை என்பதற்கு ஒரு சொல் இருக்கும்: கெட் என்றால் கொடு, போஸ்ட் என்றால் இதை வாங்கிக்கொள். உறையின் மேல் சில குறிப்புகள் இருக்கும், அதற்கு ஹெட்டர் என்று பெயர். உள்ளே கடிதம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பதிலும் இதே மாதிரிதான் வரும். அதில் கூடுதலாக மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 200 என்றால் சரி. 404 என்றால் நீ கேட்டது இங்கே இல்லை. 401 என்றால் நீ யாரென்று முதலில் சொல். 500 என்றால் எங்கள் பக்கம் கோளாறு. அவ்வளவுதான் எச்டிடிபி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும், நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கோரிக்கையை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து அனுப்ப பிரவுசரே தரும் கருவி ஃபெட்ச். அதே வேலையைச் சுருக்கிச் செய்துதர வெளியிலிருந்து இறக்கிக்கொள்ளும் பொட்டலங்கள் ஆக்ஸியோஸ், சூப்பர்ஏஜென்ட், கேஒய் போன்றவை. இவற்றைத்தான் மேலுறை என்கிறேன்.

இந்த மேலுறைகள் ஏன் வந்தன என்று தெரிந்தால், இன்று அவை எவ்வளவு தேவை என்பதும் தெரியும். பாடம் நடத்துகிறவர்கள் இந்த வரலாற்றைச் சொல்வதே இல்லை.

1999-இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் என்ற ஒன்றை வைத்தது. அவுட்லுக் மின்னஞ்சலைப் பிரவுசரில் பார்ப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மற்ற பிரவுசர்களும் அதைப் பின்பற்றின. ஆனால் எக்ஸ்ப்ளோரரில் ஆக்டிவ்எக்ஸ் வழியாக ஒரு மாதிரி எழுத வேண்டும், மற்றவற்றில் வேறு மாதிரி எழுத வேண்டும். 2005-இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார், ஊரெல்லாம் பரவியது. 2006-இல் ஜான் ரெசிக் ஜேக்வெரியைக் கொண்டுவந்தார். "நீ ஒரு மாதிரி எழுது, பிரவுசர் வித்தியாசத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது அது. அன்றைக்கு அது பெரிய உபகாரம். 2014-இல் ஆக்ஸியோஸ் வந்தது. பிரவுசரிலும் நோட் ஜேஎஸ்ஸிலும் ஒரே மாதிரி எழுதலாம், ப்ராமிஸ் முறையில் எழுதலாம் என்றது. அதுவும் அன்றைக்கு உபகாரம்தான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2015-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஃபெட்சைக் கொண்டுவந்தன. 2017-இல் சஃபாரியிலும் வந்துவிட்டது. 2022 ஏப்ரலில் வெளியான நோட் 18-இல், எதையும் தனியாக நிறுவாமலே ஃபெட்ச் வேலை செய்தது. அதே ஆண்டு ஜூனில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்தது. மேலுறை பிறந்ததற்கான இரண்டு பெரிய காரணங்களும், அதாவது பிரவுசருக்குப் பிரவுசர் இருந்த வித்தியாசமும், பிரவுசருக்கும் நோடுக்கும் இருந்த வித்தியாசமும், அந்த ஒரே ஆண்டோடு ஏறக்குறைய தீர்ந்துவிட்டன. கால் ஒடிந்தபோது கொடுத்த ஊன்றுகோலைக் கால் கூடிய பிறகும் கையில் வைத்திருப்பது அவரவர் விருப்பம். நடக்கப் பழகும் குழந்தையின் கையில் அதை ஏன் கொடுக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

இனி, எதிர்த்தரப்பு சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எதையும் ஒளிக்கவில்லை. அவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது.

முதல் காரணம்: "ஆக்ஸியோஸ் ஜேசனைத் தானே மாற்றிக்கொள்ளும்."

உண்மை. ஃபெட்சில் அனுப்பும்போது நாமே பொருளை எழுத்துச் சரமாக மாற்ற வேண்டும். 'உள்ளே இருப்பது ஜேசன்' என்று கன்டென்ட் டைப் ஹெட்டரையும் நாமே எழுத வேண்டும். மறந்தால், வெறும் எழுத்து என்று குறித்து பிரவுசர் அனுப்பிவிடும். சர்வர் உறையைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பதைப் பிரித்துப் படிக்காமல் விடக்கூடும். பிள்ளை "நான் அனுப்பினேன் சார், அங்கே ஒன்றுமே போகவில்லை" என்று வந்து நிற்பான்.

நல்லது, வந்து நிற்கட்டும். அந்த நிமிடத்தில்தான் அவன் கற்றுக்கொள்கிறான்: கம்பியில் போவது பொருள் அல்ல, எழுத்து. உறையின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்பித்தான் எதிர்முனை வேலை செய்கிறது. இதை அறியாமல் ஆறு மாதம் ஆக்ஸியோஸ் எழுதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஜேசன் என்றால் என்ன என்று கேட்டால் "ஆப்ஜெக்ட் சார்" என்கிறார்கள்.

பதில் வரும் பக்கம் இன்னும் மோசம். சர்வரில் கோளாறு வந்தால் சில நேரம் ஜேசனுக்குப் பதிலாக ஒரு எச்டிஎம்எல் பக்கம் திரும்பி வரும், அதுவும் 200 என்ற எண்ணோடு. ஃபெட்சில் அதை ஜேசனாகப் படிக்கச் சொன்னால் உடனே பிழை சொல்லும்: எதிர்பாராத எழுத்து வந்திருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லும். ஆக்ஸியோஸ் இயல்பாகச் செய்வது என்ன தெரியுமா? படிக்க முடியாவிட்டால் சத்தமில்லாமல் அந்த எழுத்தை அப்படியே கையில் கொடுத்துவிடும். பிள்ளை அதில் மாணவன் பெயரைத் தேடுவான். 'வரையறுக்கப்படவில்லை' என்று வரும். பிழை நடந்தது ஓரிடம், தெரிவது வேறிடம். மாற்றிக்கொள்ள அமைப்பு இருக்கிறது. அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது என்று முதல் மாத மாணவனுக்கு யார் சொல்வார்கள்?

இரண்டாம் காரணம்: "404, 500 வந்தால் ஃபெட்ச் பிழை என்று சொல்லாது. ஆக்ஸியோஸ் சொல்லும்."

இதுதான் அவர்களுடைய வலுவான வாதம். பலரும் இந்தக் குழியில் விழுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஃபெட்ச் ஏன் அப்படிச் செய்கிறது என்று யோசியுங்கள். தபால்காரர் கடிதத்தைக் கொண்டுபோனார். 'இந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை' என்று எழுதி வாங்கி வந்தார். தபால்காரர் வேலை செய்தாரா, இல்லையா? செய்தார். பதில் வந்துவிட்டது, பதில் நமக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தபால்காரர் ஆற்றைக் கடக்க முடியாமல் திரும்பினால் அது வேறு விஷயம். ஃபெட்ச் அந்த இரண்டாவதை மட்டும்தான் தோல்வி என்கிறது. முதலாவதைப் பதில் என்று நம்மிடம் கொடுத்துவிட்டு, ஓகே என்ற ஒரு குறியை வைக்கிறது. எண் 200-லிருந்து 299-க்குள் இருந்தால் அது உண்மை, இல்லையென்றால் பொய். ஒரே ஒரு 'இஃப்' வரி. ஆக்ஸியோஸ் உள்ளே செய்வதும் அதே ஒப்பீடுதான், வேறு மந்திரம் இல்லை.

அந்த ஒரு வரியை மிச்சப்படுத்திக் கொடுப்பதால் என்ன நடக்கிறது? பிள்ளைகளுக்கு எல்லாத் தோல்வியும் ஒன்றாகிவிடுகிறது. கேட்ச் என்ற ஓரிடத்தில் எல்லாமே வந்து விழும். அங்கே "இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று ஒரு வாசகத்தை எழுதிவைத்து விடுகிறார்கள். கடவுச்சொல் தவறா? இணைப்பைச் சரிபார்க்கவும். சர்வர் படுத்துவிட்டதா? இணைப்பைச் சரிபார்க்கவும். பதில் வந்ததா, வரவே இல்லையா என்று பிரித்துப் பார்க்க ஆக்ஸியோஸிலும் வழி இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு என்று தெரிந்தவன்தானே பிரித்துப் பார்ப்பான்?

இது வெறும் நிரல் அழகு பற்றிய பேச்சு இல்லை. என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் பிள்ளைகளின் விவரங்களை ஓர் இணையதளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. பகலில் தளம் திறக்காது. இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஏற்றுவோம். பொத்தானை அழுத்தினால் 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையில் வரும். காலையில் போய்ப் பார்த்தால் பாதிப் பெயர் இருக்காது. மறுபடி உட்கார வேண்டும். சர்வர் என்ன சொன்னது என்று பார்க்காமலே பச்சை விளக்கைப் போட்டிருக்கிறது அந்தத் தளம். என்னோடு வேலை பார்த்த ஓர் அம்மா கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று இரவு அதே பட்டியலை ஏற்றினார். அந்தப் பக்கத்தை எழுதியவர் ஃபெட்ச் எழுதினாரா, மேலுறை எழுதினாரா எனக்குத் தெரியாது, அது முக்கியமும் இல்லை. அந்த மூன்று இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரோ ஒரு வாத்தியார் சொல்லித்தரவில்லை. அதுதான் முக்கியம்.

மூன்றாம் காரணம்: "ஆக்ஸியோஸில் டைம்அவுட் இருக்கிறது."

இருக்கிறது. ஆனால் இயல்பு மதிப்பு என்ன? பூச்சியம். பூச்சியம் என்றால் எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று பொருள். நாமாக எண் கொடுத்தால்தான் வேலை செய்யும். "ஆக்ஸியோஸ் போட்டிருக்கிறோம், அது பார்த்துக்கொள்ளும்" என்று நம்பிக்கொண்டிருக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? ஃபெட்சிலும் அபார்ட்சிக்னல் என்ற ஒன்றைக் கொடுத்து இத்தனை நொடியில் நிறுத்து என்று சொல்லலாம். அதுவும் ஒரு வரிதான்.

இதில் இன்னும் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. நாம் காத்திருப்பதை நிறுத்திவிட்டோம் என்பதற்காகச் சர்வர் வேலையை நிறுத்திவிட்டது என்று அர்த்தமில்லை. கட்டணம் கட்டும் பக்கத்தில் பத்து நொடியில் நேரம் முடிந்தது என்று வருகிறது. மறுபடி அழுத்துகிறோம். முதல் கோரிக்கை அங்கே ஏற்கெனவே வேலையை முடித்திருந்தால்? பணம் இரண்டு முறை போகும். கெட், புட், டெலீட் ஆகியவற்றை எத்தனை முறை அனுப்பினாலும் முடிவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது எச்டிடிபி விதி. போஸ்டுக்கு அந்த உறுதி கிடையாது. அதனால்தான் கேஒய் என்ற மேலுறை, தோற்ற கோரிக்கையைத் தானாக மறுபடி அனுப்பும்போது போஸ்டை இயல்பாகத் தொடாமல் விட்டுவிடுகிறது. எழுதியவருக்கு விதி தெரிந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துகிற நம் பிள்ளைக்கு விதி தெரியாவிட்டால், "போஸ்ட் மறுபடி போகவில்லையே" என்று அமைப்பை மாற்றி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவான். காலையில் எவரோ ஒரு அப்பா இரண்டு தடவை போன கல்விக் கட்டணத்துக்காக வங்கி வாசலில் நிற்பார்.

நான்காம் காரணம்: "இன்டர்செப்டர். எல்லாக் கோரிக்கையிலும் டோக்கனை ஒரே இடத்தில் சேர்க்கலாம்."

நல்ல வசதி. பெரிய வேலையில் தேவையும்கூட. ஆனால் 'தானாக' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம் வரும். 2023-இல் ஆக்ஸியோஸில் ஒரு பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டது. சிவிஇ 2023-45857 என்பது அதன் எண். போலிக் கோரிக்கைகளைத் தடுப்பதற்காக ஒரு ரகசியச் சொல்லைக் குக்கியிலிருந்து எடுத்துத் தானாக ஹெட்டரில் சேர்க்கும் ஏற்பாடு அதில் உண்டு. அந்த ரகசியச் சொல் நம் சர்வருக்கு மட்டும் போக வேண்டும். குறை என்னவென்றால், வேறு யாருடைய சர்வருக்குக் கோரிக்கை போனாலும் அதுவும் சேர்ந்து போயிற்று. 1.6.0 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். குறை எல்லா மென்பொருளிலும் வரும், அதற்காக யாரையும் திட்டவில்லை. என் கேள்வி வேறு. தன் நிரல் இப்படி ஒரு ஹெட்டரைச் சேர்க்கிறது என்பதே தெரியாமல் எத்தனை பேர் அதைப் பயன்படுத்தியிருப்பார்கள்? நெட்வொர்க் பகுதியைத் திறந்து, தன் பெயரில் என்ன கடிதம் போகிறது என்று ஒருமுறையாவது பார்க்கப் பழக்கப்பட்ட பிள்ளை கேட்டிருக்கும்: "இது யார் சார் எழுதியது? நான் எழுதலையே!"

இன்னொன்று. கோர்ஸ் பிழை வந்தால் பிள்ளைகள் ஓடிவந்து கேட்கிறார்கள்: "ஆக்ஸியோஸ் போட்டால் சரியாகுமா சார்?" ஆகாது கண்ணு. ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்தின் தகவலைப் படிக்கலாமா என்று காவல் காப்பது பிரவுசர். அனுமதி கொடுக்க வேண்டியது அந்தச் சர்வர். நடுவில் நீ எந்த மேலுறையைப் போட்டாலும் காவல்காரர் ஒருவர்தான். சொல்லப்போனால், ஜேசன் என்று ஹெட்டர் வைத்து வேறு தளத்துக்கு அனுப்பும்போதுதான் பிரவுசர் முன்கூட்டி ஆப்ஷன்ஸ் என்ற ஒரு விசாரணைக் கோரிக்கையை அனுப்புகிறது. அந்த ஹெட்டரை மேலுறை தானே வைத்துவிட்டதால், விசாரணை ஏன் வந்தது என்பதே பிள்ளைக்குத் தெரிவதில்லை.

பொட்டலங்களை நம்பியிருப்பதன் ஆபத்தைப் பற்றியும் இரண்டு வரி. நோட் உலகில் எச்டிடிபி கோரிக்கைக்கு ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்தியது ரிக்வெஸ்ட் என்ற லைப்ரரி. 2020 பிப்ரவரியில் அதை இனி வளர்க்கப் போவதில்லை என்று முறைப்படி அறிவித்துவிட்டார்கள். 2016-இல் லெஃப்ட்பேட் என்ற பதினொரு வரிப் பொட்டலத்தை அதை எழுதியவர் எடுத்துவிட்டதால் உலகெங்கும் எத்தனையோ திட்டங்கள் நின்றன. 2018-இல் ஈவென்ட்ஸ்ட்ரீம் என்ற பொட்டலம் வழியாகப் பிட்காயின் பணப்பையைக் குறிவைத்த திருட்டு நிரல் நுழைந்தது. 2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற, எல்லோரும் பயன்படுத்தும் பொட்டலங்களிலேயே, பராமரிப்பவர் ஒருவரைப் போலி மின்னஞ்சலில் ஏமாற்றித் தீய நிரலைச் செருகினார்கள். வெளியிலிருந்து ஒன்றும் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. வாசலுக்கு வருகிறவரை யார் என்று கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள் என்கிறேன். முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

ஆசிரியர் பயிற்சியில் முதல் வருடமே எங்களுக்குச் சொல்லித்தந்தது: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ, எளிதிலிருந்து கடினத்திற்குப் போ, கண்ணால் பார்ப்பதிலிருந்து கருத்துக்குப் போ. எதிர்த்தரப்பு இதில் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, "ஆக்ஸியோஸ்தான் எளிது, எனவே அதுதான் முதலில்" என்கிறது. எளிது என்பதற்கு இவர்கள் கொண்ட பொருள் தவறு. விரல் தட்டும் எழுத்து குறைவாக இருந்தால் எளிது என்று நினைக்கிறார்கள். மனத்துக்குள் அடங்குவது எளிதா என்பதுதான் கேள்வி. 27-ஐ 14-ஆல் பெருக்க, கால்குலேட்டரில் ஐந்து பொத்தானும் ஒரு சமக்குறியும் போதும். அதற்காக மூன்றாம் வகுப்பில் பெருக்கலைக் கால்குலேட்டரிலா தொடங்குகிறோம்? கால்குலேட்டர் 3780 என்று காட்டினால், ஒரு பூச்சியம் கூடுதலாகத் தட்டியிருக்கிறேன் என்று கண்டுபிடிக்கிற பிள்ளை யார்? கையால் பெருக்கிப் பார்த்த பிள்ளை.

"எல்லோரும் நெல் விதைத்தா சோறு சாப்பிடுகிறோம்?" என்று கேட்கிறார்கள். நெல் விதைக்கச் சொல்லவில்லை அய்யா. எச்டிடிபியை இயற்றவோ, டிசிபியை எழுதவோ சொல்லவில்லை. உலை வைக்கத் தெரியட்டும் என்கிறேன். சமையல் சொல்லித்தருகிறோம் என்று பணம் வாங்கிக்கொண்டு, ஓட்டல் தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்புகிறீர்களே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

"நேரம் இல்லை சார், மூன்று மாதத்தில் வேலைக்குத் தயார் பண்ணணும்" என்பது கடைசி வாதம். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் ஏழு மாலை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்.

முதல் நாள் நிரலே இல்லை. எஃப் 12-ஐ அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, போகிற வருகிற கடிதங்களை எண்ணுவோம். கண்ணால் பார்ப்பது முதலில். இரண்டாம் நாள் ஃபெட்ச் வைத்து ஒரு தகவல் வாங்குவோம். மூன்றாம் நாள் வேண்டுமென்றே இல்லாத முகவரியைக் கேட்போம், பிறகு வைஃபையை அணைத்துவிட்டுக் கேட்போம், இரண்டுக்கும் வித்தியாசத்தை நோட்டில் எழுதுவோம். நான்காம் நாள் ஹெட்டர் இல்லாமல் போஸ்ட் அனுப்பி, சர்வர் விழிப்பதைப் பார்த்துவிட்டு, ஹெட்டரோடு அனுப்புவோம். ஐந்தாம் நாள் வேண்டுமென்றே தாமதமாகப் பதில் சொல்லும் சர்வர். நேரக் கட்டுப்பாடு, இரட்டைப் பதிவு. ஆறாம் நாள் பிள்ளைகளே தங்களுக்கு ஒரு மேலுறை எழுதுவார்கள். முகவரியை வாங்கு, உள்ளே பொருள் இருந்தால் எழுத்தாக்கி ஹெட்டர் வை, பத்து நொடி வரம்பு வை, ஓகே இல்லையென்றால் எண்ணோடு பிழையை எறி, 204 என்று வெற்றுப் பதில் வந்தால் ஜேசனைத் தேடாதே, மற்றபடி ஜேசனைக் கொடு. இருபது இருபத்தைந்து வரி. அதை இங்கே போடவில்லை, போனில் தட்டினால் மேற்கோள் குறிகள் வளைந்துபோகும், நகல் எடுத்தால் ஓடாது. வேண்டுமென்பவர் கேளுங்கள், தனியாக அனுப்புகிறேன்.

ஏழாம் நாள்தான் ஆக்ஸியோஸின் கையேட்டைத் திறப்போம். பாலிடெக்னிக் முடித்த ஒரு பெண் அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "சார், நாம நேத்து எழுதினதைத்தானே இவங்களும் எழுதியிருக்காங்க. இன்னும் நிறைய சேர்த்திருக்காங்க." அவ்வளவுதான் நான் கேட்பது. அந்தப் பெண் நாளை ஆக்ஸியோஸைப் பயன்படுத்தட்டும், கேஒய் பயன்படுத்தட்டும், நிறுவனம் எதைச் சொல்கிறதோ அதைப் பயன்படுத்தட்டும். அவளை எந்தப் பொட்டலமும் ஏமாற்ற முடியாது.

மேலுறை எங்கே நியாயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலையாகப் பேசுகிறேன் என்பீர்கள். பெரிய கோப்பை ஏற்றும்போது எத்தனை சதவீதம் போயிற்று என்று காட்ட வேண்டுமா? ஃபெட்சில் அதற்கு நேரான வழி இல்லை. ஆக்ஸியோஸ் பிரவுசரில் இயல்பாக இன்றும் அந்த 1999-இன் பழைய கருவியைத்தான் உள்ளே பயன்படுத்துகிறது, அதனால் அதற்கு முடிகிறது. ஃபெட்ச் வழியையும் 2024-இல் 1.7 பதிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். நாற்பது பேர் வேலை செய்யும் திட்டம், எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டுமா? மேலுறை வேண்டும். ஏற்கெனவே நூற்றுக்கணக்கான இடத்தில் ஆக்ஸியோஸ் ஓடிக்கொண்டிருக்கிறதா? பிடுங்காதீர்கள், ஓடுகிறதை ஓட விடுங்கள், பதிப்பை மட்டும் புதுப்பியுங்கள். ஆனால் இரண்டு கோரிக்கை மட்டும் அனுப்பும் ஒரு கடைப் பக்கத்துக்கும், ஒரு பள்ளி அறிவிப்புப் பக்கத்துக்கும் எதற்கு அது?

நான் ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்றால், இதில் அடிபடுவது யார் என்று எனக்குத் தெரியும். நகரத்தில் நல்ல கல்லூரியில் படித்த பிள்ளைக்கு அடிப்படையை எங்காவது யாராவது சொல்லித்தந்திருப்பார்கள். தமிழ் வழியில் படித்து, நகையை அடகு வைத்துப் பயிற்சி மையத்தில் பணம் கட்டிய பிள்ளைக்கு அந்த மூன்று மாதம்தான் எல்லாம். அதில் ஒரு பொட்டலத்தின் பெயரை மட்டும் கொடுத்து அனுப்பினால், நேர்முகத்தில் "இது இல்லாமல் எப்படி அனுப்புவாய்?" என்ற ஒரு கேள்வியில் உட்கார்ந்துவிடும். வேலை கிடைத்தாலும், பொட்டலம் மாறும்போது முதலில் வெளியே நிற்பது அந்தப் பிள்ளைதான். ஜேக்வெரியை மட்டும் கற்றவர்களுக்கு அது நடந்தது. எச்டிடிபி அப்படி இல்லை. அந்த மூன்று இலக்க எண்கள் 1996-இன் எச்டிடிபி 1.0 ஆவணத்திலும் இருக்கின்றன, 2022-இல் புதுப்பித்து வெளியிட்ட ஆவணத்திலும் இருக்கின்றன. 404 அன்றும் 404 தான், இன்றும் 404 தான். முதலில் எதில் முதலீடு செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பயிற்சி மையம் நடத்துகிறவர்களுக்கும், காணொளி போடுகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் மூன்று.

1. முதல் கோரிக்கையை ஃபெட்சில் எழுதவையுங்கள். நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதவையுங்கள்.

2. வெற்றியை மட்டும் காட்டாதீர்கள். 401, 404, 500, இணைப்பு அறுந்த நிலை, தாமதம் ஆகிய ஐந்தையும் பிள்ளைகள் கையாலேயே வரவழைக்கச் சொல்லுங்கள்.

3. எந்த மேலுறையையும் அறிமுகப்படுத்தும் முன், அதில் ஒரு சின்ன வடிவத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பணம் கட்டும் முன் அந்த மையத்தில் கேளுங்கள்: "ஆக்ஸியோஸ் இல்லாமல் என் பிள்ளைக்குச் சர்வரிடம் பேசத் தெரியுமா?" கேள்வி உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. பதில் சொல்கிறவர் முகத்தைப் பாருங்கள், போதும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் தமிழில், காரணத்தோடு திட்டுங்கள், பதில் சொல்கிறேன். அடுத்த சுற்று ஏழு நாள் வகுப்பு வரும் திங்கள் மாலை தொடங்குகிறது. கட்டணம் கிடையாது. மடிக்கணினி இல்லாத பிள்ளைகளும் வரலாம், இரண்டு பழைய கணினிகள் இருக்கின்றன, மாறி மாறி உட்காரலாம். நோட்டும் பேனாவும் கட்டாயம்.